வர முடியாதவர் வீட்டை விற்க: பவரா, லீவா, தங்கச்சி பெயருக்கா?

பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் என் சித்தப்பா மகனுக்கு ஒரு வீடு இருந்தது. 2014-ல் வாங்கியது. ஆள் சிங்கப்பூரில். குடியிருந்தவர்கள் காலி செய்த பிறகு இரண்டு வருடம் பூட்டியே கிடந்து, மாடிப்படி அடியில் கரையான் புற்று வைத்துவிட்டது. ஒரு நாள் ராத்திரி போன் வந்தது. “அண்ணே, வீட்ட வித்துருவோம். என்னால இப்ப வர முடியாது, வீட்ல ஆபரேஷன் சொல்லியிருக்காங்க. பவர் அனுப்புதேன், நீங்களே முடிச்சிருங்க.”

பவர் என்றால் தனக்காகக் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். அது கூரியரில் வந்து இறங்கும், நான் கொண்டுபோய்க் கொடுத்தால் வேலை முடிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். வாங்க வந்தவர் மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவர், வங்கிக் கடனில் வாங்குகிறவர். வீடு பிடித்திருந்தது, விலையும் படிந்தது. பவர் என்று நான் சொன்னதும் முகம் மாறிவிட்டது. “அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீய. விக்கிறவர ஒரு தடவகூடப் பாக்காம நாப்பத்தஞ்சு லட்சத்த எப்படிக் குடுக்க?” என்றார்.

அவர் கேட்டது நியாயம். விற்பவர் வர முடியாதது விற்பவரின் கஷ்டம் என்றே நாம் பேசுகிறோம். உண்மையில் அது வாங்குகிறவரின் பயம். எந்த வழியில் போனால் அந்தப் பயம் தீரும் என்று பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செலவும் அலைச்சலும் அதற்குப் பிறகு. அப்படிப் பார்த்தால் நம் ஊரில் இருக்கிற வழிகள் நான்கைந்துதான்.

முதல் வழி, ஆளே வருவது. நேரில் வந்து கையெழுத்துப் போட்டுக் கைரேகை வைத்து, சார்பதிவாளர் முன்னால் “ஆமாம், நான்தான் எழுதிக் கொடுத்தேன்” என்று சொல்லிவிட்டால் வாங்குகிறவருக்கும் அவருடைய வங்கிக்கும் கேள்வியே இருக்காது. பலரும் இதற்கு ஒரு மாதம் லீவு வேண்டும் என்று நினைத்துக் கொள்கிறார்கள். தேவையில்லை. வில்லங்கச் சான்று, பட்டா, வரி ரசீது, வங்கி வழக்கறிஞரின் ஒப்புதல், பத்திர வரைவு எல்லாவற்றையும் இங்கிருப்பவர் முடித்து வைக்கலாம். பதிவுத்துறை இணையதளத்தில் டோக்கன் போட்டு நாளைக் குறித்துக்கொண்ட பிறகு டிக்கெட் எடுத்தால், மூன்று நான்கு நாளில் வந்து முடித்துவிட்டுத் திரும்பலாம். மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ இறங்கினால் மூன்று நான்கு மணி நேரத்தில் பாளையங்கோட்டை.

நாள் குறிப்பதில் மட்டும் உள்ளூர்க் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ஆடி மாதத்தில் பத்திரம் போட வாங்குகிறவர் சம்மதிக்க மாட்டார். முகூர்த்த நாளில் பதிவு அலுவலகத்தில் நிற்க இடமிருக்காது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அந்த நாளுக்கு டிக்கெட் எடுத்தால் தேர் பார்க்கலாம், பத்திரம் போட முடியாது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. எழுதிக் கொடுப்பவரும் வாங்குகிறவரும் ஒரே நாளில்தான் சார்பதிவாளர் முன் வர வேண்டும் என்று பதிவுச் சட்டம் சொல்லவில்லை. வெவ்வேறு நாளிலும் ஆஜராகலாம். கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பத்திரம் தாக்கலாக வேண்டும், அவ்வளவுதான். அண்ணனும் தங்கையும் சேர்ந்து விற்கும் வீட்டில், ஒருவர் பிப்ரவரியில் வந்து போக, மற்றவர் ஏப்ரலில் வந்து முடிக்க இது உதவும். அதுவரை பத்திரம் பெண்டிங்கில் கிடக்கும் என்பதால் வாங்குகிறவர் முழுப் பணத்தையும் தர மாட்டார் என்பதையும் எதிர்பார்த்தே இருக்க வேண்டும்.

இரண்டாவது வழி, எல்லோரும் முதலில் சொல்கிற பவர். வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பவர், லீவில் வந்தபோது இங்கேயே எழுதிப் பதிந்து வைத்துவிட்டுப் போகும் பவர் என்று இதில் இரண்டு வகை. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், வேலை செய்வதில் நிறைய வித்தியாசம்.

வெளிநாட்டுப் பவருக்கு 1908-ம் வருடப் பதிவுச் சட்டத்தின் 33-வது பிரிவுதான் அடிப்படை. எழுதிக் கொடுப்பவர் இந்தியாவுக்கு வெளியே வசித்தால், அங்குள்ள நோட்டரி, நீதிமன்றம், மாஜிஸ்திரேட் அல்லது இந்தியத் தூதரக அதிகாரி முன்னால் கையெழுத்திட்டு, அவர் உறுதி செய்ய வேண்டும். நோட்டரியிடம் போட்டு, வெளிநாட்டில் செல்லுபடியாக அந்நாட்டு அரசு வைக்கும் அப்போஸ்டில் முத்திரை வாங்கி அனுப்புகிறவர்களும் உண்டு. இந்தியா அந்த முத்திரைக்கான சர்வதேச ஒப்பந்தத்தில் 2005-ல் சேர்ந்தது, சிங்கப்பூரில் அது 2021-ல் நடைமுறைக்கு வந்தது. சட்டப்படி குறையில்லை. ஆனால் நம் ஊர்ப் பத்திர எழுத்தரும் வங்கி வழக்கறிஞரும் இந்தியத் தூதரகத்தின் சிங்க முத்திரையைப் பார்த்துப் பழகியவர்கள். அப்போஸ்டில் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நான்கு கேள்வி கேட்பார்கள். தூதரகம் போய்வர முடிகிற தூரத்தில் இருந்தால் தூதரகமே மேல் என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் முதல் பவர் வீணானது தூதரகத்தாலோ அலுவலகத்தாலோ அல்ல, என்னால்தான். வாசகத்தை இங்கே எழுதி வாங்கி மெயிலில் அனுப்பியவன் நான். சொத்து விவரம் எழுதும் தபசிலில் பழைய கதவு எண்ணைப் போட்டிருந்தேன். மாநகராட்சி புது எண் கொடுத்து வருஷமாகிவிட்டது, வரி ரசீதில் அதுதான் இருக்கிறது. போதாததற்குத் தம்பியின் பெயர். கிரையப் பத்திரத்தில் இனிஷியலோடு பெயர். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் முழுசாக வந்து நிற்கிறது. பாஸ்போர்ட்டில் உள்ளபடி பவர் போட்டோம். “ரெண்டும் ஒரே ஆள்தான்னு எதை வெச்சு நம்புறது?” என்று கேட்டார் வங்கி வழக்கறிஞர். பவருக்குள்ளேயே “மேற்படி பத்திரத்தில் இன்ன பெயராகக் குறிக்கப்பட்டவரும் நானே” என்று ஒரு வரி சேர்த்திருந்தால் தீர்ந்திருக்கும். அந்த ஒரு வரிக்காகத் தம்பி மறுபடியும் அரை நாள் லீவு போட்டுப் போய்க் கையெழுத்திட்டான். எங்களுக்கு ஒரு மாதம் போனது.

வாசகத்தை இங்கே தயாரித்து, வாங்குகிறவரின் வழக்கறிஞரிடம் காட்டிச் சரி என்று சொல்ல வைத்த பிறகே அங்கே அனுப்ப வேண்டும். இரண்டாவது தடவை அப்படித்தான் செய்தோம். பவர் கொடுப்பவர் அங்கே அதை அச்செடுத்துக் கையெழுத்துப் போடாமல் கொண்டுபோக வேண்டும். அதிகாரி முன்னால்தான் கையெழுத்து. வீட்டிலேயே போட்டுக்கொண்டு போய்த் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

அசல் இங்கே வந்து சேர்ந்ததும் கூரியர் உறையைத் தூக்கி எறியாதீர்கள். வெளிநாட்டில் எழுதிய பவருக்கு, இந்தியா வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். வந்த தேதிக்கு அந்த உறைதான் சாட்சி. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்துத் தீர்வை கட்டி முத்திரை வாங்குவதைத்தான் பத்திர எழுத்தர்கள் ‘அட்ஜுடிகேஷன் போடுறது’ என்பார்கள். அதை முடிக்காமல் சார்பதிவாளரிடம் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். கிரையத்தன்று பவர் கொடுத்தவர் உயிரோடிருக்கிறார் என்ற உயிர்வாழ்வுச் சான்றும் கேட்பார்கள். கொடுத்தவர் இறந்தால் பவரும் செத்துவிடும், அதனால் கேட்கிறார்கள். வருத்தப்படக் கூடாது. தம்பிக்கு அதைச் சொன்னபோது, “நான் இருக்கேன்னு நானே சர்டிபிகேட் வாங்கணுமா?” என்று சிரித்தான்.

லீவில் வந்தபோது இங்கேயே எழுதிப் பதிந்து வைக்கும் பவருக்கு இத்தனை பாடு இல்லை. போட்டோ, கைரேகை எல்லாம் நம் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே பதிவாகிவிடும். வாங்குகிறவரின் வழக்கறிஞர் நகலை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம், தூதரக முத்திரை நிஜமா என்ற சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் விற்கும் எண்ணம் வரும் முன்பே யோசிக்க வேண்டும் என்பதால் யாரும் இதைச் செய்வதில்லை. பொங்கலுக்கு வந்து பத்து நாள் குற்றாலமும் மாஞ்சோலையும் சுற்றிவிட்டுப் போன பிறகுதான் வீட்டை விற்கும் யோசனை வருகிறது. தமிழ்நாட்டில் குடும்பத்தினர் அல்லாதவருக்குப் பொதுப் பவர் கொடுத்தால் 2023 ஜூலையிலிருந்து சொத்து மதிப்பில் 1 சதவீதம் பதிவுக் கட்டணம். குடும்பத்துக்குள் என்றால் அதைவிட மிகக் குறைவு. புரோக்கர் பெயருக்குப் பவர் போடச் சொல்கிற யோசனையை அந்தக் கட்டணமே தடுத்தால் நல்லதுதான்.

எந்தப் பவராக இருந்தாலும் பொதுப் பவர் வேண்டாம், இந்த ஒரு சொத்துக்கு மட்டுமான தனிப் பவர் போதும். விலை பேச, கிரையப் பத்திரத்தில் கையெழுத்திட, பதிவு அலுவலகத்தில் ஆஜராகி ஒப்புக்கொள்ள என்று வேலைகளைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். வீட்டுக் கடன் பாக்கி இருந்தால், அதை அடைத்து மூலப் பத்திரத்தை வங்கியிலிருந்து வாங்கவும், அடமானப் பதிவை ரத்து செய்யவும் அதிகாரம் உண்டு என்று தனியாக எழுத வேண்டும். இதை விட்டுவிட்டுப் பத்திரம் வங்கியிலேயே மாட்டிக்கொண்ட கதை எங்கள் தெருவிலேயே உண்டு. கடைசியாக ஒன்று: கிரையத் தொகை முழுவதும் எழுதிக் கொடுப்பவரின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும் என்று கணக்கு எண்ணோடு எழுதிவிட வேண்டும். பவர் வாங்கியவன் என்ற முறையில் இதை நானே கேட்டு எழுத வைத்தேன். சொந்தக்காரன் கையில் நாற்பத்தைந்து லட்சம் ஒரு ராத்திரி தங்கினாலும் பத்து வருஷம் பேச்சு நிற்காது. பாதி ரொக்கம், பாதி செக் என்று வாங்குகிறவர் பேசினால் அங்கேயே நிறுத்திவிடுவதும் நல்லது. சொத்து விற்பனையில் இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தப்பு. ஊரிலேயே இல்லாதவர் அந்த ரொக்கத்தை எங்கே வைக்கப் போகிறார்?

பவரை வைத்தே வீட்டை விற்றுவிடலாமே, பத்திரம் எதற்கு என்று இன்னும் கேட்பவர்கள் உண்டு. பொதுப் பவரும் அக்ரிமென்ட்டும் வாங்கிக்கொண்டால் சொத்து கைமாறியதாக ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. பவர் என்பது கையெழுத்துப் போட ஒரு கை. கிரையப் பத்திரம் பதிவானால்தான் விற்பனை.

மூன்றாவது வழி, எங்கள் சித்தியின் யோசனை. “தங்கச்சி பேருக்கு செட்டில்மென்ட் எழுதிரு. அவ இங்கதான இருக்கா, அவ வித்துக் குடுப்பா.” செட்டில்மென்ட் என்றால் விலை வாங்காமல் சொத்தை எழுதிக் கொடுப்பது. கேட்க அழகாக இருக்கிறது. குடும்பத்துக்குள் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000 ரூபாய். வாங்குகிறவருக்கு முன்னால் உள்ளூர் ஆள் வந்து நிற்பார், பயம் போய்விடும். ஆனால் ஒன்றை யோசித்தீர்களா? அந்த செட்டில்மென்ட்டையும் எழுதிக் கொடுக்க வேண்டியவர் சிங்கப்பூரில்தான் இருக்கிறார். அதற்கும் அவர் வர வேண்டும், இல்லையென்றால் பவர் அனுப்ப வேண்டும். வராமலிருக்க வழி தேடிப் புறப்பட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறோம். தவிர, எழுதிய நிமிஷத்திலிருந்து வீடு தங்கச்சியுடையது. விற்ற பணமும் சட்டப்படி அவளுடையது. லாபத்துக்கு வரியும் அவள் தலையில். பணத்தை அண்ணனுக்கு அன்பளிப்பாகத்தான் திருப்பித் தர முடியும். மாப்பிள்ளை வீட்டார் ஒரு வார்த்தை கேட்டால் போதும், அண்ணன் தங்கை பேச்சு முறிந்துவிடும். உண்மையிலேயே தங்கைக்குக் கொடுக்கும் மனசிருந்தால் மட்டும் செய்ய வேண்டிய காரியம் இது.

அப்பா உயில் எழுதாமல் காலமாகி, வீடு எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக நிற்பது வேறு கதை. பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலி டவுனிலும் பாதி வீடுகள் இப்படித்தான். ஒருவர் துபாயில், ஒருவர் சென்னையில், அம்மா மட்டும் இங்கே. வாரிசுச் சான்றில் பெயருள்ள அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும், கட்டிக் கொடுத்த அக்கா தங்கைகளும் சேர்த்துத்தான். இதில் துபாய்க்காரர் தன் பங்குக்கு மட்டும் தம்பிக்கோ தங்கைக்கோ தூதரகம் வழியாகப் பவர் அனுப்பினால் போதும், மற்றவர்கள் நேரில் போடலாம். நான்கு பேர் நேரில் நின்று, ஒருவருக்கு மட்டும் பவர் என்றால் வாங்குகிறவர் பெரும்பாலும் தயங்குவதில்லை. அம்மா படுத்த படுக்கையாக இருந்தால், காரணம் காட்டி மனுக் கொடுத்துச் சார்பதிவாளரை வீட்டுக்கே வரவழைத்துப் பதியவும் சட்டத்தில் இடமுண்டு. அதற்குத் தனிக் கட்டணம்.

நான்காவது, காத்திருப்பது. அடுத்த லீவு வரை ஒரு சிறு அட்வான்ஸை வங்கி வழியாக வாங்கிக்கொண்டு, வந்ததும் முடிப்பது. அக்ரிமென்ட்டைத் தமிழ்நாட்டில் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் அதற்கும் கையெழுத்துக்கு ஆள் வேண்டும். ஆக, நம்பிக்கையின் பேரில்தான் இது ஓடும். தெரிந்தவர், பக்கத்து வீட்டுக்காரர் வாங்குவதாக இருந்தால் நானும் இதைத்தான் சொல்வேன். கடன் ஒப்புதலுக்குக் காலக்கெடு உள்ளவர் ஆறு மாதம் உட்கார்ந்திருக்க மாட்டார்.

எந்த வழியிலும் தப்ப முடியாத ஒன்று வரிப் பிடித்தம். இங்கேதான் வீட்டின் விலையே மாறிப்போகிறது. விற்பவர் இங்கே வசிப்பவராக இருந்து, விலை 50 லட்சத்துக்குக் குறைவாக இருந்தால் வாங்குகிறவர் எதையும் பிடிக்க வேண்டாம். விற்பவர் வெளிநாட்டு வாசி என்றால் விலை எவ்வளவானாலும் பிடிக்க வேண்டும். பவர் ஏஜென்ட் பாளையங்கோட்டைக்காரர் என்பதால் விற்பவர் உள்ளூர்க்காரர் ஆகிவிட மாட்டார். இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டுக்கு, 2024 ஜூலை 23 முதல் லாபத்தின் மேல் 12.5 சதவீதமும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும், அதாவது 13 சதவீதம். லாபம் எவ்வளவு என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? அதனால் அவருடைய ஆடிட்டர் முழு விலையிலும் பிடிக்கச் சொல்வார். தம்பி 30 லட்சத்துக்கு வாங்கியதை 45-க்கு விற்றான். முழு விலையில் பிடித்தால் 5,85,000 ரூபாய். 15 லட்சம் லாபத்துக்கு உண்மையான வரி 1,95,000. மீதி 3,90,000 ரூபாய், அவன் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வரும்வரை அரசிடம் முடங்கிக் கிடக்கும்.

இதற்கு மருந்து, வருமான வரி அதிகாரியிடம் முன்கூட்டியே விண்ணப்பித்துக் குறைந்த பிடித்தச் சான்றிதழ் வாங்குவது. கிரையத்துக்கு முன்பே கையில் இருக்க வேண்டும், வாரக் கணக்கில் நேரம் பிடிக்கும். பவர் வந்து இறங்கிய பிறகு இதை ஆரம்பிப்பது தப்பு, இரண்டையும் சேர்த்தே ஆரம்பிக்க வேண்டும். 2001 ஏப்ரலுக்கு முன்பே குடும்பத்தில் இருந்த பூர்வீகச் சொத்தாக இருந்தால், பழையதென்று நினைத்து வாங்கிய விலையைத் தேடி அலைய வேண்டாம். 2001 ஏப்ரல் 1-ல் இருந்த சந்தை மதிப்பை, அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல், அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்கிக்கொள்ளலாம்.

விற்ற பணம், வெளிநாட்டு வாசிகள் இந்திய வருமானத்துக்காக இங்கே வைத்திருக்கும் என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கில் வரவாகும். வரி கட்டியதற்கு ஆடிட்டர் சான்று கொடுத்தால், ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். பெருமாள்புரம் வீட்டுக்கு அந்த உச்சவரம்பைப் பற்றிக் கவலையில்லை. சொத்தில் வீட்டோடு வயலும் சேர்ந்திருந்தால், சேரன்மகாதேவிப் பக்கம் இப்படி நிறைய உண்டு, அந்த வயலை இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கு மட்டுமே விற்க முடியும். துபாயில் கூட வேலை பார்க்கும் நண்பர் கேட்டார் என்று அதற்குக் கை நீட்டிவிடக் கூடாது.

கடைசியில் எங்கள் வீடு விற்றது இரண்டாவது பவரில்தான். வாங்கியவரின் பயத்தைத் தீர்த்தது பவர் மட்டுமில்லை. கிரையத்துக்கு முந்தின வாரம் தம்பி வீடியோவில் வந்து, பாஸ்போர்ட்டையும் பழைய பத்திர நகலையும் பிடித்துக் காட்டி அவரிடமும் அவர் மனைவியிடமும் அரை மணி நேரம் பேசினான். கிணற்று மோட்டார் எந்தக் கடையில் வாங்கியது, மழைக்கு எந்தச் சுவர் ஓதம் அடிக்கும் என்றெல்லாம் சொன்னான். அந்த அம்மாள் “ஓதம் அடிக்குன்னு விக்கிறவரே சொல்லுதாரே” என்று கணவரைப் பார்த்தார். அடுத்த நாள் டோக்கன் போடச் சொல்லிவிட்டார்கள்.

துபாயில் இருக்கும் இன்னொரு தம்பி மே மாதம் லீவில் வருகிறான். டவுனில் அவனுக்கு ஒரு வீடு உண்டு, விற்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவில்லை. வந்த முதல் வாரமே அக்கா பெயருக்குத் தனிப் பவர் எழுதிப் பதிந்து வைத்துவிட்டு, பிறகு குற்றாலம் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். பவர் வாசகத்தை இப்போதே எழுதச் சொல்லிவிட்டேன். கதவு எண்ணை மட்டும் இந்தத் தடவை வரி ரசீதைப் பார்த்து நானே சொன்னேன்.